குப்பனுக்கு இருபத்தொண்ணு ஆகவில்லை

பலாமரத்தூர், புதூர்நாடு வழி
6 மே 2025

தம்பி சந்திரனுக்கு,

நீ போனை எடுக்கவில்லை. சிக்னலுக்காகப் பள்ளிக்கூடத்துப் பாறை மேல் ஏறி நின்று பதினோரு தடவை அடித்தேன். கால் சுட்டதுதான் மிச்சம். அதனால் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தது இதற்காவது உதவட்டும்.

நேற்று சத்துணவு சமையல்காரர்கள் கூட்டத்துக்காகத் திருப்பத்தூர் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி நிமிர்ந்தால், எதிர்க் கட்டடத்தின் மேல் என் பிள்ளை நிற்கிறான். இடுப்பில் ஈரத் துண்டு, கையில் பாட்டில், பின்னால் நம் கரடிமடுவு. மாட்டுத் தலைப் படத்தோடு "கருங்கொம்பு" என்று பெரிய எழுத்து. அதற்குக் கீழே, "இருபத்தொண்ணு ஆச்சா? குதி!" மூலையில் எறும்பு அளவுக்கு "சோடா" என்று போட்டிருந்தது.

பக்கத்தில் நின்ற பூக்காரம்மாவிடம் கேட்டேன். "இன்னா சோடா? அது பீரு பேரும்மா. கடையில இதே மாட்டுத் தலை போட்டுத்தான் விக்கிறான். பீருக்கு போர்டு வெக்கக் கூடாதுன்னு சோடான்னு எழுதிக்கினு கீறானுங்க" என்றாள்.

ஜனவரியில் நீ வந்து என்ன சொன்னாய்? "சோடா விளம்பரம்க்கா. பையன் மடுவுல குதிக்கணும், அவ்ளோதான்" என்றாய். தாய்மாமன் கூட்டிக்கொண்டு போகிறான் என்று அனுப்பினேன். போன வாரம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது உன் மருமகன் நிற்க முடியாமல் தள்ளாடி, கூழ்ப் பானை மேலேயே விழுந்தான். ஊரே பார்த்தது. அவன் அப்பா, உன் மாமா, கர்நாடகாவில் மிளகுத் தோட்டத்தில் கிடக்கிறார், அவருக்கு இன்னும் சொல்லவில்லை.

அவன் வயது உனக்குத் தெரியாதா சந்திரா? மூத்தவன் ரஞ்சித் திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் பிறந்தான். பதினாறு மாதத்தில் காய்ச்சலில் போனான். போனதை யாரும் எங்கும் பதியவில்லை. இளையவன் நம் வீட்டிலேயே பிறந்தான். இவனாவது தங்கட்டும் என்று குப்பைமேட்டில் மூன்று உருட்டு உருட்டி, குப்பன் என்று பெயர் வைத்தோம். குப்பையை எமன் தொடமாட்டான் என்றார்கள். பள்ளியில் சேர்க்கும்போது சான்றிதழ் கேட்டார்கள். செத்தவன் சான்றிதழ்தான் இருந்தது. படிவத்தை எழுதியதே நீதான். அன்றிலிருந்து வெளியில் அவன் ரஞ்சித். ஆனால் அவன் குப்பன். அவனுக்குப் பத்தொன்பதுதான் ஆகிறது.

அந்தப் போர்டை இறக்கு. வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

நதியா


பெங்களூரு
14 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அன்றைக்கு மீட்டிங்கில் இருந்தேன், அதனால்தான் போன் எடுக்க முடியவில்லை. அப்புறம் நான் அடித்தபோது உன் போன் அணைத்து இருந்தது.

அக்கா, கோபப்படாமல் கேள். சட்டப்படி அது சோடாதான். அந்தப் பெயரில் நிஜமாகவே சோடா விற்கிறார்கள், வேண்டுமானால் ஒரு பெட்டி அனுப்புகிறேன். அந்த வாசகம் நான் எழுதியது. இருபத்தொரு வயது ஆகாதவன் தொடாதே என்றுதான் அது சொல்கிறது. பொறுப்பான வாசகம் என்று கம்பெனியில் எல்லாரும் கை தட்டினார்கள். ஏழு வருடமாக இந்த விளம்பர ஏஜென்சியில் அடுத்தவன் எழுதியதைத் திருத்திக்கொண்டிருந்தேன். என் பெயரில் வந்த முதல் வேலை இது.

வயதைப் பற்றி எழுதியிருந்தாய். ஆதாரில், மார்க் ஷீட்டில், கல்லூரியில், எல்லா இடத்திலும் அவனுக்கு இருபத்தொன்று முடிந்துவிட்டது. நம் மலையில் பாதிப் பேருக்கு வாத்தியார் வைத்ததுதான் பிறந்தநாள். அதை வைத்து இப்போது யார் கேட்கப் போகிறார்கள்?

திருவிழாவில் ஒரு பையன் குடித்தது தப்புதான். ஆனால் அது நம் ஊரில் புதிதா? மலைக்காரன் என்றால் தேன் விற்கிறவன், புளி உலுக்குகிறவன் என்று மட்டும் காட்டின இடத்தில் நம் குப்பன் ராஜா மாதிரி நிற்கிறான் அக்கா. அதை நீ கொஞ்சம் பெருமையாகவும் பார்க்கலாம். இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். போர்டை இறக்குவது என் கையில் இல்லை.

அவனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சந்திரன்


பலாமரத்தூர்
27 மே 2025

சந்திரனுக்கு,

நீ அனுப்பிய சோடாப் பெட்டி வந்தது. தபால்கார கோவிந்தன் சைக்கிளில் கட்டிக்கொண்டு மேடு ஏற்றி, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அப்படியே திருப்பி எடுத்துப் போகச் சொன்னேன். அவர் என்னைத் திட்டிவிட்டுப் போனார்.

பெருமையாகப் பார் என்றாய். பார்த்ததைச் சொல்கிறேன். அங்கன்வாடியில் நாலு வயதுக் குழந்தை ஒன்று என்னைப் பார்த்து, "ஆயா, உனுக்கு இருபத்தொண்ணு ஆச்சா?" என்று கேட்டுவிட்டுப் படியிலிருந்து குதிக்கிறது. எல்லாக் குழந்தையும் சிரிக்கிறது. இதுதான் உன் பொறுப்பான வாசகம். ஆச்சா என்று கேட்டால் ஆகாதவன்தான் முதலில் ஆச்சு என்பான். இது சத்துணவுக்காரிக்கே தெரிகிறது, ஏழு வருடம் வேலை பார்த்த உனக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒடுகத்தூர், ஆலங்காயம் பக்கத்திலிருந்தெல்லாம் பைக்கில் வருகிறார்கள். மீசை முளைக்காத பையன்கள். மடுவுக்கரையில் நின்று பாட்டிலை உயர்த்திக் குதிக்கிறார்கள், ஒருவன் போனில் பிடிக்கிறான். கரை முழுக்கக் கண்ணாடி. மங்கம்மாள் சித்திக்கு உள்ளங்காலில் ஆறு தையல். தண்ணீர் எடுக்க நாங்கள் இப்போது மேல் ஊற்றுக்குப் போகிறோம், அரை மணி கூடுதலாக ஆகிறது.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில் உன் மருமகன் பாட்டில் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து கொடுக்கிறான். கம்பெனிக்காரர்கள் அவனைக் கல்லூரி கல்லூரியாக வேனில் கூட்டிப் போகிறார்களாம். போன இடத்தில் எல்லாம் குடிக்கச் சொல்லிப் படம் பிடிக்கிறார்களாம். "வாணாம்னு சொன்னா மூஞ்சி சுண்டிப் பூடறாங்கம்மா" என்கிறான். கை நடுங்குகிறது சந்திரா. சோறு பிசையும்போது பார்த்தேன்.

ஒன்று மட்டும் உண்மையாகச் சொல். டிசம்பர் வரை அவன் வாயில் ஒரு சொட்டுப் படவில்லை. அவனுக்கு முதல் பாட்டிலை யார் கொடுத்தது?

நதியா


பெங்களூரு
8 ஜூன் 2025

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

படப்பிடிப்பு அன்றைக்கு விடியற்காலை குளிர் தாங்க முடியவில்லை. நாற்பது பேர் இருந்தோம். தண்ணீரிலிருந்து ஏறியவனுக்கு யாராவது ஏதாவது கொடுத்திருக்கலாம். நான் கேமரா பக்கத்தில் இருந்தேன்.

அவனை விடுவிக்க வழி இருக்கிறதா என்று எங்கள் மேலாளரிடம் கேட்டேன். இல்லை என்றார். ஒரே ஒரு வழிதான். நடித்தவனுக்கு இருபத்தொன்று ஆகவில்லை என்று தெரிந்தால் ஒரே நாளில் எல்லாவற்றையும் இறக்கிவிடுவார்கள். கோர்ட்டுக்குப் பயம். அந்த ஒன்றுக்குத்தான் பயம்.

ஆனால் அதைச் சொல்ல முடியாது, நன்றாக யோசி. அவன் வனக்காவலர் தேர்வில் பாஸாகியிருக்கிறான். ஆகஸ்டில் சான்றிதழ் சரிபார்க்கிறார்கள். டிகிரி, சாதிச் சான்றிதழ், எல்லாம் ரஞ்சித் பெயரில். ஒரு நூலை இழுத்தால் மொத்தமும் அவிழ்ந்துவிடும். நம் ஊரிலிருந்து காட்டு இலாகாவில் காக்கிச் சட்டை மாட்டப் போகிற முதல் பையன் அவன். அதை நாமே கெடுப்பதா? அந்தப் படிவத்தை எழுதிய என்னையும் சும்மா விடமாட்டார்கள்.

ஜூலையில் இன்னொரு விளம்பரப் படம் எடுக்கிறார்கள். அது முடிந்ததும் அவனை மெதுவாக ஒதுக்கி வைக்கச் சொல்கிறேன். அதுவரை பொறுத்துக்கொள். காகிதத்தை மட்டும் தொடாதே அக்கா, உன் காலில் விழுகிறேன்.

சந்திரன்


திருப்பத்தூர் ஆஸ்பத்திரி
24 ஜூன் 2025

சந்திரா,

குப்பனுக்கு மஞ்சள் காமாலை. கண் எலுமிச்சம்பழம் மாதிரி ஆகிவிட்டது. மலையிலிருந்து ஜீப்பில் படுக்க வைத்துக் கொண்டுவந்தோம். வழியெல்லாம் வாந்தி. மூன்று நாளாக இங்கே இருக்கிறோம்.

டாக்டரம்மா சின்னப் பெண். கேஸ் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "இருபத்தோரு வயசுல ஈரல் இப்டி வீங்கிக் கெடக்குது. காமாலை மேலயே குடிச்சிருக்காரு. இனிமே ஒரு மடக்கு உள்ள போனா நான் பொறுப்பில்லம்மா" என்றார். பத்தொன்பது என்று சொல்ல வாய் வந்தது. நீ காலில் விழுந்தது ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டேன்.

அவன் தூக்கத்தில் நடுங்குகிறான். முழிப்பு வந்தால் என்னிடம் பாட்டில் கேட்கிறான். பெற்ற தாயிடம் கேட்கிறான் சந்திரா. தரமாட்டேன் என்றால் அழுகிறான். நேற்று ஊசிக் குழாயைப் பிடுங்கிக்கொண்டு வாசல் வரை போய்விட்டான். வாட்ச்மேன் குணசீலன் பிடித்துக்கொண்டு வந்து விட்டார். விட்டுவிட்டுப் போகும்போது, "போர்டுல கீற பையன்தானே இவுரு?" என்று கேட்டார்.

இன்று கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் பழக்கூடையோடு வந்தார்கள். கூடையில் மாட்டுத் தலை ஒட்டியிருந்தது. ஜூலை இருபதுக்குள் எழுந்துவிடுவானா என்று கேட்டார்கள். தேதி மாற்ற முடியாதாம். அவன் படுத்தபடியே, "வந்துர்றேன் சார்" என்கிறான்.

அவன் அந்தப் படத்துக்குப் போனால் செத்துவிடுவான். இதைவிட நேராக எனக்குச் சொல்லத் தெரியாது. அவன் வயது இதுதான் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு உன் கம்பெனிக்குக் கொடு. வேலை போனால் போகட்டும். எனக்கு ஒரு பிள்ளை ஏற்கெனவே மண்ணுக்குள் இருக்கிறான்.

நதியா


பெங்களூரு
2 ஜூலை 2025

அக்கா,

முதல் பாட்டிலை நான்தான் கொடுத்தேன்.

போன கடிதத்தில் யாரோ கொடுத்திருக்கலாம் என்று எழுதினேன். பொய். முழுதும் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ என்ன வேண்டுமானாலும் சொல்.

இந்தத் தொழிலில் "புது வாய்" என்று ஒரு பேச்சு உண்டு. இன்னும் குடிக்காதவன். இருபது வயதில் எந்தப் பெயரைப் பிடிக்கிறானோ அதை நாற்பது வரை விடமாட்டான் என்பது கணிப்பு. அதனால் எல்லா விளம்பரமும் புது வாயைத் தேடித்தான் போகும். பழைய குடிகாரனுக்கு யாரும் போர்டு வைப்பதில்லை. இதை நான் மீட்டிங்கில் மற்றவர்களுக்குப் பாடமே எடுத்திருக்கிறேன்.

டைரக்டர் சென்னையிலிருந்து பதினான்கு பையன்களை வரவழைத்துப் பார்த்தார். ஒருவனும் தேறவில்லை. "எல்லாம் குடிச்சுப் பழகின மூஞ்சி. எனக்கு நெஜமான முதல் மடக்கு வேணும்" என்றார். நான்தான் எழுந்து, "என் அக்கா பையன் ஒருத்தன் இருக்கான் சார், இதுவரைக்கும் வாயில வெச்சதே இல்ல" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை அக்கா. நானாகச் சொன்னேன். அப்படிச் சொன்னபோது எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

மடுவுக்கரையில் சோடாவைக் கொட்டிவிட்டு, அதே பாட்டிலில் பீரை ஊற்றினார்கள். அவன் கையில் நான் கொடுத்தேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "மாமா, இன்னாமோ கசக்குது. இது சோடாவா?" என்றான். "குடிடா, மாமா இருக்கேன்ல" என்றேன். காது குத்தும்போது என் மடியில் அழுதவனுக்கு இதே வார்த்தையைத்தான் சொன்னேன். அதைக் கேட்டு அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். போர்டில் இருக்கிற சிரிப்பு அதுதான். பாட்டிலைப் பார்த்துச் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். தினமும் ஆபீஸ் போகும் வழியில் அந்தப் போர்டுக்குக் கீழே போகிறேன்.

நீ கேட்ட தாளை எழுதினேன். எழுதி மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். கொடுக்கப் பயமாக இருக்கிறது. வேலைக்காக மட்டும் இல்லை. அவனுடைய காட்டு இலாகா வேலையைக் கெடுத்தவன் என்ற பெயரும் எனக்கே வரும். இரண்டு தடவை அவனைக் கெடுத்தவன் ஆவேன். ஒரு வாரம் கொடு. வேறு வழி பார்க்கிறேன்.

சந்திரன்


திருப்பத்தூர்
11 ஜூலை 2025

சந்திரனுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். படித்துவிட்டு ஆஸ்பத்திரிக் குழாயடியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கட்டில் அம்மா யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டாள். உன்னைத் திட்ட வேண்டும். அது பிறகு.

உன் ஒரு வாரம் முடிந்துவிட்டது. வேறு வழி நீ பார்க்க வேண்டாம், நான் பார்த்துவிட்டேன்.

குப்பனுக்குப் பத்தொன்பது என்று நான் சொன்னால் எந்த ஆபீசிலும் நம்பமாட்டார்கள். அவன் பிறந்ததற்குக் காகிதம் இல்லை. ஆனால் ரஞ்சித் பிறந்ததற்குக் காகிதம் இருக்கிறது. அவன் செத்ததற்குத்தான் இல்லை. அதனால் என் மூத்த மகன் செத்துவிட்டான் என்று பதியப் போகிறேன். உன் கம்பெனி யாரிடம் கையெழுத்து வாங்கியதோ அவன் இருபது வருடத்துக்கு முன்பே போய்விட்டான் என்று அரசாங்கமே எழுதிக் கொடுக்கட்டும். அப்புறம் அவர்கள் யாரை வைத்துப் படம் எடுப்பார்கள் என்று பார்க்கிறேன்.

நேற்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனேன். அங்கே சிவசங்கரி என்று ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். "இதைப் பதிஞ்சா உங்க பையனோட படிப்பு, வேலை எல்லாமே கேள்வியாயிடும். தெரிஞ்சுதான் செய்றீங்களா?" என்றார். "தெரியுங்கம்மா. காக்கிச் சட்டை இல்லாம கூட அவன் உயிரோட இருக்கட்டுங்க" என்றேன்.

காலம் கடந்து பதிவதால் நேரில் பார்த்த இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டுமாம். மாணிக்கம்மாள் அக்கா வருகிறேன் என்றுவிட்டார், அன்றைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டியவர். இன்னொரு ஆள் நீ. உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. குழந்தையைத் துணியில் சுற்றி ஓடை மேட்டுக்குத் தூக்கிப் போனது நீதான். மாமாவால் நடக்க முடியவில்லை, நீ தூக்கினாய். அதே கையால் படிவமும் எழுதினாய். இரண்டையும் நீதான் சொல்ல வேண்டும்.

பதினாறாம் தேதி, புதன்கிழமை, காலை பத்து மணி. வராவிட்டால் இருபதாம் தேதி வேன் வந்து அவனைக் கூட்டிப் போகும். நான் தனியாக எத்தனை பேரைப் பிடித்து நிறுத்துவேன்? வா சந்திரா. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

நதியா


பெங்களூரு
29 ஜூலை 2025

அக்காவுக்கு,

அன்றைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு உன்னிடம் பேசாமலே வந்துவிட்டேன். வார்டு வாசல் வரை வந்தேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். முதுகெலும்பு தெரிந்தது. கூப்பிடாமலே திரும்பிவிட்டேன்.

மேஜை இழுப்பறையில் இருந்த தாளையும், சாட்சி சொன்ன நகலையும் சேர்த்து அன்று மாலையே கம்பெனியில் கொடுத்தேன். நான் சொன்னது சரிதான். ஒரே நாளில் எல்லா ஊரிலும் இறக்கிவிட்டார்கள். என்னையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். ஏஜென்சியை ஏமாற்றியதாக என் மேல் புகார் கொடுக்கப் போவதாகச் சொல்கிறார்கள். கொடுக்கட்டும், செய்ததுதானே.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாலே நாளில் வேறு பையனைப் பிடித்துவிட்டார்கள். கொல்லிமலைப் பக்கமாம். என் வாசகத்தை மட்டும் மாற்றவில்லை. நேற்று புதுப் போர்டைப் பார்த்தேன். அவனும் அப்படியே சிரிக்கிறான். அவனுக்குப் பக்கத்தில் எந்த மாமா நின்றானோ தெரியவில்லை.

குப்பன் எப்படி இருக்கிறான்? ஒரு வரி எழுது, போதும். எழுதாவிட்டாலும் உன் மேல் தப்பில்லை.

சந்திரன்


பலாமரத்தூர்
19 ஆகஸ்ட் 2025

தம்பி சந்திரனுக்கு,

ரஞ்சித் இறந்த சான்றிதழ் வந்துவிட்டது. கோவிந்தன்தான் கொண்டுவந்து கொடுத்தார். அவர் முன்னால் அழக் கூடாது என்று உள்ளே போய்விட்டேன். பதினைந்து வருடம் அவன் பெயரை வேறு ஆளுக்குக் கொடுத்து வைத்திருந்தேன். இப்போதுதான் அவன் நிஜமாகவே போனது மாதிரி இருக்கிறது. மாமா தோட்டத்திலிருந்து வந்திருக்கிறார். அவர் சான்றிதழை எடுத்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார்.

குப்பன் வீட்டில் இருக்கிறான். கஞ்சி இறங்குகிறது. கண்ணில் மஞ்சள் இன்னும் முழுதாகப் போகவில்லை. கை நடுக்கமும் போகவில்லை. போன வாரம் மடுவுப் பக்கம் போய் யாரோ போட்ட பாட்டிலை எடுத்து முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். நான் பார்த்ததும் கீழே வைத்துவிட்டான். டாக்டரம்மா எதற்கும் உறுதி சொல்லவில்லை. நான் அவனை விட்டுத் தள்ளிப் படுப்பதில்லை.

காட்டு இலாகாவுக்கு அவன் போகவில்லை. சரிபார்ப்பு நாள் அன்றைக்குக் காலையில் எழுந்து குளித்து, சட்டை போட்டுக்கொண்டு, வாசலில் உட்கார்ந்தான். கூட எழுதிய பையன்கள் ஜீப்பில் ஏறிப் போவதைப் பார்த்தான். அப்புறம் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தான். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

நேற்று உன்னைப் பற்றிக் கேட்டான். "மாமா ஆஸ்பத்திரிக்கு வந்துச்சாம்மா? செவுத்துப் பக்கம் படுத்துக்கினு இருந்தேன், செருப்பு சத்தம் கேட்டுச்சு. மாமா மேரியே இருந்துச்சு" என்றான். நான் ஆமாம் என்றேன். முதல் பாட்டில் சமாச்சாரம் அவனுக்கே தெரியும், கையில் வாங்கியவன் அவன்தானே. என்னிடம் ஒரு நாளும் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு அது இன்னும் ஆகவில்லை.

கொல்லிமலைப் பையனுக்கும் ஒரு அம்மா இருப்பாள். உனக்கு வேலைதான் இல்லையே, போய் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வா.

இன்னொரு விஷயம். இப்போது குப்பன் பெயரில் ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லை. ரேஷன் கார்டில் இல்லை, ஓட்டு இல்லை, பத்தாவது படித்தானா என்பதற்கே அத்தாட்சி இல்லை. திரும்பவும் சிவசங்கரி அம்மாவிடம் போனேன். குப்பன் என்ற பெயரில் பிறப்பைப் புதிதாகப் பதியலாம் என்றார். கல்லூரிக் காகிதத்தை மாற்ற வருடக்கணக்கில் அலைய வேண்டுமாம், அது நடக்குமா என்று அவருக்கே தெரியவில்லை. ஆனால் பிறந்ததைப் பதிந்தால்தான் மற்றதை ஆரம்பிக்கவே முடியும்.

இதற்கும் இரண்டு சாட்சி கேட்கிறார். அவன் பிறந்த அன்று மழை. மருத்துவச்சியைக் கூப்பிட ஓடினது நீ. குப்பைமேட்டில் உருட்டும்போது கடைசி உருட்டில் கையில் வாங்கினதும் நீ. செத்தவனுக்கு வந்து சாட்சி சொன்னாய். இருக்கிறவனுக்கும் வந்து சொல்.

செப்டம்பர் மூன்று, புதன்கிழமை. இந்தத் தடவை வாசலோடு போகாதே.

நதியா